மேக்குழியில் இருந்தவன்

அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையை ஒட்டிய அந்த மாடிவீட்டின் கதவைத் தட்டியவள், உள்ளே வரச் சொன்ன பிறகும் வாசற்படியிலேயே நின்றாள். நாற்காலியைக் காட்டியபோது தரையில் உட்கார்ந்தாள். ஒரு கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக நிற்கவைத்தே பழக்கிய நாட்டில், நாற்காலியும் சிலருக்கு அச்சமூட்டும் பொருளாகிவிடுகிறது.

“எந்திரிச்சு மேல உக்காருங்க. நீங்க கீழ உக்காந்தா நானும் கீழ உக்காரணும். எனக்கு முழங்கால் வலி” என்றார் தெய்வநாயகி.

தடய அறிவியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். தெய்வம் என்று தொடங்கும் பெயரைத் தவிர வேறெந்தத் தெய்வத்தோடும் அவருக்குத் தொடர்பில்லை. குரலை உயர்த்தாதவர்; ஆனால் கேட்ட கேள்விக்கு விடை வரும்வரை கண்ணை எடுக்காதவர். வந்தவளை அழைத்து வந்திருந்த இளம் வழக்கறிஞர் நிலவனோ அவருக்கு நேர் எதிர். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே வழக்கைச் சொல்லத் தொடங்கியிருந்தான்.

“ஆத்துமேடு காலனி ராசம்மா இவங்க. இவங்க வீட்டுக்காரர் செங்கோடன் மேலதான் மேடம் அந்தக் கொலைக் கேஸு.”

“எங்கூட்டுக்காரர் கொல்லலீங்க” என்றாள் ராசம்மாள். “ஸ்கூட்டர் நிக்கறதையும் குழி சரிஞ்சு கெடக்கறதையும் பாத்துட்டு, அந்த அம்மிணிய மண்ணுக்குள்ளிருந்து கையாலயே தோண்டி எடுத்தவருங்க அவரு. நகமெல்லாம் பேந்துபோச்சு. அந்த நகத்தக் காட்டியே இவன்தான் அமுக்கினான்னு சொல்றாங்க. அடிச்சதுல சோத்துக்கை வீங்கிக் கெடக்குதுங்க.”

நடந்தது இதுதான். தமிழினி என்ற நாமக்கல் பெண், திருமணிமுத்தாற்றின் கரையில் மண் அடுக்குகளை ஆராய்ந்துவந்தாள். ஒவ்வொரு வெள்ளமும் கரையில் ஓர் அடுக்கை விட்டுச் செல்கிறது. அந்தந்தக் காலத்தில் பூத்தவற்றின் மகரந்தமும் அந்த அடுக்கிலேயே அடைபடுகிறது. மகரந்தத்தின் ஓடு எளிதில் அழிவதில்லை. களிமண்ணுக்குள் பல நூறு ஆண்டுகள் கிடந்தாலும் நுண்ணோக்கியில் தன் முகத்தைக் காட்டும். கோரை மிகுந்தால் மழைக்காலம். வேலமும் உடைமரமும் மிகுந்தால் வறட்சிக்காலம். தானியப் புல்லும் ஆமணக்கும் கரித்துகளும் கூடிவந்தால் அங்கே ஒரு மனிதன் காடு திருத்திப் பயிர் வைத்தான் என்று பொருள்.

அந்தக் கடைசிச் செய்திதான் பலருக்குக் கசந்தது. ஆத்துமேட்டு நிலம் எந்தக் காலத்திலும் எவரும் உழாத தன் பாட்டன் மேய்ச்சல் நிலம் என்று, பண்ணைக்காரர் வெள்ளியங்கிரி காலனி மக்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்திருந்தார். தங்கள் முன்னோர் வைத்த வெள்ளாமையை ஒரு பெருவெள்ளம் மணலால் மூடியது என்று காலனி மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். அந்த மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தவள் தமிழினி. தோண்டிய குழியிலேயே அவள் பிணமாகக் கிடந்தாள்.

நிலவன் ஒரு தாளை எடுத்தான். “குழிகளுக்குக் காவலா ராத்திரி அங்கேயே படுத்திருந்தவர் செங்கோடன். ‘மண் சரிந்தபோது குழியின் மேலே நான்தான் இருந்தேன்’னு அவரே ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கார் இன்ஸ்பெக்டர் குமரன். போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுதான். ஆனா ஜாமீன் கேட்டா இதைத்தான் நீட்டறாங்க.”

“அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்? சொன்ன சொல்லை மாத்தாம சொல்லுங்க” என்று ராசம்மாளிடம் கேட்டார் தெய்வநாயகி.

“‘நான் மேக்குழியிலதான் படுத்திருந்தேன். அதையேதான் போலீசுலயுஞ் சொன்னேன். எதுக்கு அடிச்சாங்கன்னே தெரியல’ன்னு அழுதாருங்க.”

“குமரன் எந்த ஊர்க்காரர்?”

“சென்னை மேடம். இங்க மாத்தலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. அது எதுக்கு?”

“சும்மா கேட்டேன்” என்றார் தெய்வநாயகி. சும்மா எதையும் கேட்கிறவர் அல்லர் அவர்.

ஆத்துமேட்டில் ஆறு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாகச் சாயக்கழிவின் நுரைதான் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் மேற்கே ஒரு குழி, கிழக்கே ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே கருவேல முள். கிழக்குக் குழியின் ஒரு சுவர் உள்ளே சரிந்து கிடந்தது. மேற்குக் குழி வெட்டிய கோலத்திலேயே நின்றது: மேலே பழுப்பு வண்டல், நடுவே வெள்ளை மணல், அடியில் கன்னங்கரேலென்ற களிமண்.

இருவரும் அந்தக் குழிக்குள் இறங்கினர். தெய்வநாயகி குனிந்து களியைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு, பிணத்தோடு கிடைத்த பொருள்களின் படத்தை நிலவனின் கைபேசியில் பெரிதாக்கினார். தமிழினியின் செருப்புகள். அடிப்பள்ளங்களில் காய்ந்த மண்.

“என்ன நிறம்?”

“செவப்பு மேடம்.”

“இங்க நம்ம செருப்பப் பாரு.”

நிலவன் காலைத் தூக்கிப் பார்த்தான். கறுப்பு. அவன் வாயைத் திறப்பதற்குள் வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருங்க அது, எங்க காட்டுல?” வெள்ளியங்கிரி குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். அவர் பின்னால், வெள்ளைச் சட்டையில், அவருடைய தம்பி மகன் சிவக்குமார்.

“செத்த புள்ளையப் பத்தி விசாரிக்க வந்தோம்” என்றார் தெய்வநாயகி.

“அந்தப் புள்ளைய வராதேன்னு வைதேனுங்க. வைதத இல்லைன்னு சொல்லமாட்டேன். காலனிக்காரனுக்கு ஆத்தங்கரையில என்ன பாத்தியம்? ஆனாக் கொல்லோணும்னா பட்டப்பகல்ல செஞ்சுபோட்டு நானே ஸ்டேசனுக்குப் போயிருப்பேன். மண்ணத் தள்ளிப்போட்டு ஓடறவன் நானில்லீங்க.”

“பெரியப்பன் பேச்சை மனசுல வச்சுக்காதீங்க மேடம்” என்று இடைமறித்தான் சிவக்குமார். “பழைய ஆளு. நான் அப்படியில்லீங்க. காலனி சனங்களுக்கு ஆதரவா எத்தனை கூட்டத்துல பேசியிருக்கேன், நிலவன் சாரையே கேளுங்க.”

நிலவன் தலையசைத்தான். உண்மைதான். சமத்துவம் பேசும் மேடைகளில் சிவக்குமாரின் குரல் தனித்துக் கேட்கும்.

“எனக்குப் புள்ளை இல்லீங்க. இந்தக் காடு தோட்டமெல்லாம் நாளைக்கு இவனுக்குத்தான். இவன் என்னடான்னா காலனிக்கு வக்காலத்து வாங்கறான்” என்று முறைத்தார் பெரியவர்.

சிவக்குமார் சிரித்தான், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “தமிழினிக்கு மெஷின், குழாய், ஆளு எல்லாம் நான்தானுங்க குடுத்தேன். நம்ம போர்வெல் ரிக் ஷெட்டு கொண்டப்பநாயக்கன்பட்டியில. மலையடிவாரம், ஓடை பக்கத்துலயே, குளுகுளுன்னு இருக்கும். எடுத்த மண்ணு காயக்கூடாதுன்னு குழாயோட அங்கதான் வச்சிருந்தாங்க. அவங்க போனப்புறம் மேக்குழாய், கீக்குழாய் ரெண்டையும் நானே கொண்டுபோய்ப் புரொபசர்கிட்ட பத்திரமா ஒப்படைச்சேன். அவங்க உழைப்பு வீணாகக்கூடாதில்லீங்களா?”

“ரொம்ப நல்ல மனசு” என்றார் தெய்வநாயகி.

அன்று மாலை, டீ குடிக்க வேண்டும் என்று கொண்டப்பநாயக்கன்பட்டி வரை வண்டியை விடச் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடி டம்ளரோடு ஓடைக்கரையில் இறங்கினார். ரிக் ஷெட்டின் பின்புறம், மலையிலிருந்து வரும் நீர் ஒரு குட்டையில் தேங்கி நின்றது. டம்ளர் நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டார்.

“ஏனுங்கம்மா, டம்ளரு!” என்று கத்தினார் டீக்கடைக்காரர்.

“நிலவா, அவருக்குப் புது டம்ளர் வாங்கிக் குடு” என்று சொல்லி வண்டியில் ஏறினார். சேறு செக்கச்செவேலென்று இருந்தது.

பேராசிரியர் தீனதயாளன் சென்னையிலிருந்து வந்து சேலத்துக் கல்லூரி ஒன்றில் துறைத்தலைவராக அமர்ந்தவர், தமிழினியின் வழிகாட்டி. அந்தக் காலத்தில் இந்தச் சமவெளி வெறும் முட்காடு என்று கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியவர். மாணவியின் ஆய்வு வென்றிருந்தால் ஆசிரியரின் பெயர் சரிந்திருக்கும். நிலவன் அவரை முதற்பார்வையிலேயே குற்றவாளியாக்கிவிட்டான்.

“அந்தப் பொண்ணு தப்பாப் புரிஞ்சுகிட்டா” என்றார் பேராசிரியர், மேசைமேல் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் குழாய்களைக் காட்டி. “இதுதான் ஆத்துமேட்டு மண். நானே பார்த்துட்டேன். பயிரோட மகரந்தமே இல்ல. கோர்ட்டுக்கும் அப்படித்தான் எழுதப்போறேன்.”

ஒரு குழாயில் கறுப்பு மையால் ‘மேல்’ என்றும், மற்றதில் ‘கீழ்’ என்றும் எழுதியிருந்தது.

“இது என்ன குறிப்பு?”

“மேல் பாதி, கீழ் பாதியா இருக்கும். அவ எல்லாத்தையும் தமிழ்லதான் எழுதுவா. பிடிவாதக்காரி.”

தெய்வநாயகி சுவரோரம் இருந்த அலமாரியைப் பார்த்தார். கெங்கவல்லிப் பக்கம் தமிழினி முன்பு எடுத்த குழாய்கள் அங்கே அடுக்கியிருந்தன. சிலவற்றின் முனையில் ‘மேல்’; சிலவற்றின் முனையில் ‘கீழ்’.

“நிலவா, அலமாரியில இருக்கற அந்த ‘மேல்’ குழாயை உருவித் திருப்பிக் காட்டு.”

திருப்பினான். மறுமுனையில் ‘கீழ்’ என்றிருந்தது.

“உள்ள வேற ஏதாவது கண்ணுல பட்டுதா சார், எதிர்பாராம?” என்று பேராசிரியரைக் கேட்டார்.

அவர் தயங்கினார். “சில்வர் ஓக் மகரந்தம் கொஞ்சம் இருந்தது. கலப்படமா இருக்கும்னு விட்டுட்டேன்.”

“கொஞ்சமா?”

பேராசிரியர் மேசைமேல் கிடந்த குழாய்களை ஒதுக்கி வைத்தார்.

பிணத்தின் மூச்சுக்குழலில் இருந்த சேற்றை அரசு மருத்துவர் ஒரு புட்டியில் அடைத்து வைத்திருந்தார். நீதிமன்ற அனுமதி பெற்று அதில் ஒரு துளி தெய்வநாயகியின் நுண்ணோக்கிக்கு வந்து சேர்ந்தது. மூன்றுநாள் அவர் அதை விட்டு நகரவில்லை. பிறகு எல்லாரையும் அழைத்தார்.

மாடிக்கூடத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ராசம்மாள் முதல் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். வெள்ளியங்கிரி அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

“அவ உக்காந்திருக்கற எடத்துல நான் உக்காரமாட்டேனுங்க.”

“நில்லுங்க. இங்க கட்டாயமில்ல” என்றார் தெய்வநாயகி. கடைசிவரை அவர் நின்றார்.

பேராசிரியரும் சிவக்குமாரும் அமர்ந்தனர். இன்ஸ்பெக்டர் குமரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, “சீக்கிரம் முடிங்கம்மா. அவனே ஒத்துக்கிட்ட கேஸு இது” என்றார்.

“என்ன ஒத்துக்கிட்டார்?”

“குழி மேல இருந்தேன்னு.”

“அவர் வாயில வந்த சொல் என்ன?”

“மேக்குழியோ என்னமோ சொன்னான். குழிக்கு மேலன்னுதானே அர்த்தம்? சரியான தமிழ்ல நான் எழுதிக்கிட்டேன்.”

“அய்யா,” என்று வாசலில் நின்றவரிடம் திரும்பினார் தெய்வநாயகி, “உங்க மேகாடு எங்க இருக்கு?”

“இதென்ன கேள்விங்க? மேக்கால இருக்குது” என்றார் வெள்ளியங்கிரி. “கெழக்கால இருந்தா அது கீகாடு.”

தெய்வநாயகி குமரன் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்? மேக்குழின்னா மேற்குக் குழி. தமிழினி செத்துக் கிடந்தது கிழக்குக் குழியில. ‘மண் சரிஞ்சப்ப நான் அங்க இல்ல, வேற குழியில படுத்திருந்தேன்’னு அந்த மனுசன் சொல்லியிருக்கார். தான் குத்தவாளி இல்லங்கறதுக்கு அவர் சொன்ன ஒரே சாட்சியை, நீங்க அவரோட தூக்குக்கயிறா முறுக்கிட்டீங்க. பக்கத்துல டீக்கடையில கேட்டிருந்தாலே அர்த்தம் தெரிஞ்சிருக்கும். கேக்கலை. ஏன்? காலனிக்காரன் கொன்னான்னு சொன்னா நம்பறதுக்கு உங்களுக்கு அகராதி தேவைப்படலை.”

குமரன் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

“அப்ப யார் மேடம்?” என்று நிலவன் முன்னால் நகர்ந்தான், அவன் பார்வை பேராசிரியர்மேல் இருந்தது.

“அதையும் அதே சொல்தான் காட்டிக்குடுக்குது. முதல்ல செருப்பு. ஆத்துமேட்டுல கறுப்பு மண். தமிழினி செருப்புல செம்மண். ஆக, கடைசியா அவ நடந்தது ஆத்துமேட்டுல இல்ல. ரெண்டாவது, மூச்சுக்குழல்ல இருந்த சேறு, உயிர் போறப்ப அவ உள்ள இழுத்தது. அதுல எங்க பாத்தாலும் சில்வர் ஓக், நடுவுல காப்பிச்செடி. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துல நிழலுக்கு வச்ச மரத்தோட மகரந்தம்.”

“ஆறே ஏற்காட்டு மலையிலிருந்துதானே மேடம் வருது? தண்ணியில வந்திருக்கலாமே?”

“நல்ல கேள்வி. கிழக்குக் குழி மண்ணையும் பாத்தேன். மேல்வண்டல்ல தேடித்தேடி ஒண்ணு ரெண்டு கிடைச்சுது. மூச்சுக்குழல்ல இருந்தது அப்படியில்ல, மரத்தடியிலயே வாரின மாதிரி. அச்சு அசலா அதே சேறு இன்னொரு இடத்துல இருக்கு.” மேசைமேல் டீ டம்ளரை வைத்தார். உள்ளே செஞ்சேறு காய்ந்து வெடித்திருந்தது. “கொண்டப்பநாயக்கன்பட்டி, ரிக் ஷெட்டுக்குப் பின்னால இருக்கற குட்டை.”

சிவக்குமார் காலை மடக்கிக்கொண்டான். “நான் மட்டுமாங்க ஷெட்டுக்குப் போறேன்? புரொபசருக்கும் அவங்க மேல காண்டு. அவர்கூட வந்திருக்கலாமே.”

“வந்திருக்கலாம். அதனாலதான் குழாயைப் பாத்தேன்.” அவர் குரல் அப்போதும் உயரவில்லை. “புரொபசர்கிட்ட வந்த ரெண்டு குழாயும் போலி. ஆத்துமேட்டோட அடிமண்ணுன்னு சொல்ற களியில சில்வர் ஓக் இருந்துது. அது ஆஸ்திரேலியா மரம். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. பல நூறு வருசத்து அடுக்குல அது எப்படிப் பூக்கும்? புரொபசர் அதைப் பாத்தும் விட்டுட்டார், ஏன்னா முடிவு அவருக்குப் பிடிச்சிருந்துது. அது வெக்கக்கேடு. ஆனா கொலை இல்ல. அந்தப் போலியைச் செஞ்சவர் அவரில்ல.”

“எப்படிச் சொல்றீங்க?” என்றார் குமரன்.

“தமிழினி ஒவ்வொரு குழாய்லயும் ஒரு முனையில ‘மேல்’, மறுமுனையில ‘கீழ்’னு எழுதுவா. மண்ணோட தலை எது, அடி எதுன்னு தெரிய. அது தலைகீழாப் போனா காலமே தலைகீழாப் போயிரும். இந்தத் தொழில்ல இருக்கறவங்க யாரும் ஒரு குழாய்க்கு ஒரு சொல்லோட விடமாட்டாங்க. ஆனா ஷெட்டுல ரெண்டு குழாய் படுக்க வச்சிருந்துது. ஒண்ணோட தலை வெளியே தெரிஞ்சுது. இன்னொண்ணோட அடி தெரிஞ்சுது. பாத்தவன் இந்த ஊர்க்காரன். மேல், கீழ்னா அவனுக்கு மேக்கயும் கெழக்கயும்தான். குழியும் மேக்க ஒண்ணு, கெழக்க ஒண்ணு. கணக்கு சரியாப்போச்சுன்னு, போலிக் குழாய் ஒண்ணுல ‘மேல்’, இன்னொண்ணுல ‘கீழ்’னு எழுதினான்.” அவர் சிவக்குமாரைப் பார்த்தார். “குழிக்கு மேக்குழின்னு பேரு உண்டு. தமிழினியோட குழாய்க்கு அப்படிப் பேரு கிடையாது. ஆத்தங்கரையில ‘மேக்குழாய், கீக்குழாய்’னு என்கிட்டச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

“பெரியப்பா...” என்றான் சிவக்குமார்.

வெள்ளியங்கிரி அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “எதுக்குடா?”

அந்த ஒரு கேள்விக்கு அவனிடம் மேடைப்பேச்சு இருக்கவில்லை. “காடு போயிருக்குமுங்க” என்றான். “பேசறது வேற. சொந்தக் காட்டைத் தூக்கிக் குடுக்கறது வேற. குட்டைத் தண்ணியில வேற கருங்களியைக் கொழைச்சு, மண்ணை மட்டுந்தான் மாத்தலாம்னு இருந்தேன். அன்னிக்கு அவ சொல்லாம கொள்ளாம வந்துட்டா. பாத்துட்டா. குட்டைக்கு ஓடினா, போன் பண்ண. அங்கயே சேத்துல அமுக்கிட்டேன். முடிஞ்சப்புறம் அவளையும் அவ ஸ்கூட்டரையும் லாரியில ஏத்தி ஆத்தங்கரைக்குக் கொண்டுபோனேன். மணல் லாரி சத்தம் அங்க யாருக்கும் புதுசில்லை.”

“அவ எடுத்த உண்மையான மண்ணு எங்க?” என்று எழுந்தான் நிலவன்.

“ரிக் கழுவற தண்ணியில கரைச்சு உட்டுட்டேன்.”

எத்தனை நூற்றாண்டு மழையும் வறட்சியும், எந்தெந்தக் கைகள் விதைத்த விதையின் பூவும், ஒரு குழாய்த் தண்ணீரில் சாக்கடைக்குப் போயிருந்தன. மேடையில் சமத்துவத்தை முழங்கிய வாய்தான் வீட்டில் வரப்பை எண்ணியது. எதிர்த்து நின்ற பகைவனிடம் தமிழினி எச்சரிக்கையாக இருந்தாள். கைதட்டி நின்ற நண்பனிடம் தன் உழைப்பையும் உயிரையும் ஒப்படைத்தாள்.

குமரன் அவனை அழைத்துச் சென்ற பிறகும் வெள்ளியங்கிரி நின்றுகொண்டே இருந்தார். “வெள்ளாமையே இருந்ததுன்னு வச்சாலும், வச்சது எங்க பாட்டனா இருக்கலாமில்லீங்களா?” என்றார், உடைந்த குரலில்.

“இருக்கலாம். மகரந்தத்துக்குச் சாதி தெரியாது” என்றார் தெய்வநாயகி. “ஆனா யாரும் எந்தக் காலத்துலயும் உழலைன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணினது நீங்க. மணலுக்கு அடியில எங்க காடு இருக்குன்னு சொன்னது இவங்க. மண்ணு ஒருத்தரைப் பொய்யாக்கும்.”

செங்கோடன் வெளியே வந்தபோது வலக்கை விரல்கள் மடங்கவில்லை. இனி மடங்காது என்றார் மருத்துவர். அடித்தவர்கள்மேல் நிலவன் போட்ட மனுவை நீதிமன்றம் இன்னும் எண்ணிட்டு ஏற்கவில்லை.

புதிதாக மண் எடுக்க நீதிமன்றம் அனுமதித்த நாளில், ஆத்துமேட்டுக் கரையில் காவலுக்கு வந்து நின்றார் குமரன். ஆறு அதே நுரையோடு போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் புதுக்குழாய்களோடு ஒதுங்கி நின்றார். ஒவ்வொன்றின் இரு முனையிலும் எழுதியிருந்தார். செங்கோடன் இடக்கையால் மண்வெட்டியை எடுத்துப் பார்த்தான். அது நழுவி விழுந்தது. அவனுக்கு முகம் கொடுக்காமல் அதை எடுத்துக்கொண்டு நடந்தாள் ராசம்மாள்.

குமரன் பதிவு செய்யப் பேனாவைத் திறந்தார். “எந்தக் குழிம்மா?”

அவள் குழிக்குள் இறங்கிக் கறுங்களியின்மேல் கால் ஊன்றி நின்றாள்.

“மேக்குழிங்க” என்றாள். “மேக்கால இருக்கற குழி. இந்தத் தடவ சரியா எழுதிக்கோங்க.”